விலங்குகளுக்குக் கணக்குத் தெரியாது. பிறகு ஆட்டக் கோட்பாடு எப்படிப் பொருந்தும்?

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சண்டை போடும் விலங்குகள் ஒன்றையொன்று கொல்லாமல் விடுவது இனம் அழியக் கூடாது என்பதற்காகத்தான் என்று டியூஷனில் சொன்னார்கள். ஆட்டக் கோட்பாடு வேறு மாதிரி விளக்குகிறது என்று வாசித்தேன். யோசிக்கத் தெரியாத மிருகம் எப்படிக் கணக்குப் போட்டு ஆடும்? நம்ம தோட்டப் பக்கம் பார்க்கக்கூடிய உதாரணம் இருந்தால் சொல்லுங்கள். புரொஜெக்டுக்கும் உதவும்."

ஒருவருக்குக் கிடைக்கும் இலாபம் மற்றவர்கள் செய்வதையும் பொறுத்திருக்கும்போது எந்த உபாயம் பலிக்கும் என்று பார்க்கும் கணிதம்தான் ஆட்டக் கோட்பாடு. அதற்கு வருமுன் அந்த டியூஷன் விளக்கத்தைப் பார்த்துவிடுவோம் தம்பி. சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. 1960கள் வரை பெரிய பெரிய விஞ்ஞானிகளே அப்படித்தான் எழுதினார்கள். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொன்ராட் லோரன்ஸும் அதே கருத்துக்காரர்தான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. எல்லோரும் அடக்கி வாசிக்கும் ஒரு கூட்டத்தில் அடக்கி வாசிக்காத ஒன்று பிறந்துவிட்டால் என்ன ஆகும்? சண்டைக்கு வரும் எல்லாரையும் அது விரட்டும். நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல துணை எல்லாம் அதற்கே. அதன் குட்டிகள் அதிகம், அந்தக் குட்டிகளுக்கும் அதே குணம். சில தலைமுறைகளில் அடக்கி வாசித்தவர்களின் வாரிசுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இனம் நன்றாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கும் குணம், விட்டுக்கொடுக்காத குணத்துக்கு முன்னால் தாக்குப்பிடிக்காது.

இனத்தின் மேல் மிருகங்களுக்கு எவ்வளவு அக்கறை என்று பார்க்க ஹக்கலைப் பூங்காப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். குட்டிக் குரங்கு ஒன்று கிடைத்த கடலையை அவசர அவசரமாகக் கன்னப் பையில் அடைத்துக்கொள்ளும். பெரியது ஒன்று பக்கத்தில் வந்து உட்காரும். அப்புறம் சாவகாசமாகக் குட்டியின் வாயைப் பிளந்து, விரலை விட்டு, அடைத்து வைத்ததைத் தோண்டி எடுத்துத் தின்னும். குட்டி அசையாமல் வாயைக் காட்டிக்கொண்டு இருக்கும். வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் பொலன்னறுவையில் இதே இனக் குரங்குகளைப் பின்தொடர்ந்தவர். குட்டிகளில் பெரும்பாலானவை பருவத்துக்கு வருமுன்பே செத்துப்போகின்றன, அதிலும் சாப்பாட்டு இடத்தில் பெரியவை தள்ளிவிடும் கீழ்நிலைக் குட்டிகளுக்குத்தான் அடி அதிகம் என்று அவர் பதிவு செய்தார். இந்தியாவில் சாம்பல் மந்திகள் இன்னும் மோசம். புதிதாகக் கூட்டத்தைப் பிடித்த ஆண், முந்தைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடுவதை முதலில் தார்வாரில் சுகியாமாவும், பிறகு அபு மலையில் சாரா ஹர்டியும் எழுதினார்கள். இனத்தைக் காப்பாற்றும் லட்சணம் இது.

அப்படியானால் பெரும்பாலான சண்டைகள் ஏன் உறுமலோடும் முறைப்போடும் முடிகின்றன? இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்தவர் ஜோர்ஜ் பிரைஸ். அமெரிக்க இரசாயனவியலாளர், 1967இல் இலண்டனுக்கு வந்து சேர்ந்தவர், கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, தானாகவே படித்தவர். மான்களுக்கு அவ்வளவு கூரான கொம்பு இருக்கிறதே, எதிராளி பக்கவாட்டைக் காட்டும்போது ஏன் குத்திக் கிழிப்பதில்லை என்பதுதான் அவருடைய சந்தேகம். நீளமான கட்டுரையாக எழுதி நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பினார். அதை மதிப்பிடக் கிடைத்தவர் ஜோன் மேனார்ட் ஸ்மித், யுத்த காலத்தில் விமானப் பொறியியலாளராக வேலை செய்துவிட்டு, உயிரியலாளர் ஹோல்டேனிடம் உயிரியல் படித்தவர். யோசனை அருமை, சுருக்கித் தரட்டும் என்றார். பிரைஸ் சுருக்கவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. பிறகு மேனார்ட் ஸ்மித் அதே யோசனையை வளர்த்தபோது பிரைஸைத் தேடிப் பிடித்து, இரண்டு பேர் பெயரிலும் 1973இல் கட்டுரையை வெளியிட்டார். கட்டுரை திருத்த வந்தவர் யோசனையைச் சுருட்டிக்கொள்ளாமல் சொந்தக்காரரைத் தேடிப் போனது ஆய்வுலகில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனிதர்களுக்கான ஆட்டக் கோட்பாட்டில் ஆடுகிறவர் யோசித்து ஒரு உபாயத்தைத் தெரிவு செய்கிறார். விலங்குகளில் உபாயம் பிறப்போடு வருகிறது. ஒரு மரை "இன்றைக்கு முறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. முறைப்பதோடு நிறுத்தும் இயல்பு அதன் பரம்பரையலகுகளில் இருந்தால் போதும். ஆட்டத்தில் கிடைக்கும் பரிசு குட்டிகளின் எண்ணிக்கை. அதிகக் குட்டி தரும் உபாயம் அடுத்த தலைமுறையில் பெருகும், குறைவாகத் தருவது சுருங்கும். ஆயிரம் தலைமுறைக்குப் பிறகு பார்க்கிறவருக்கு மிருகம் உட்கார்ந்து கணக்குப் போட்டதுபோலத் தெரியும். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு உபாயம் இலாபமா நட்டமா என்பது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஆட்டக் கோட்பாடு தேவைப்படுகிறது. மலையில் குளிர் கூடினால் ரோமம் அடர்த்தியாவதை விளக்க இது வேண்டாம், குளிர் பதிலுக்கு ஆடாது.

பேப்பரை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரே இனத்தில் இரண்டு வகை என்று வைப்போம். ஒன்று காயம்படும் வரை விடாமல் அடிக்கும், பெயர் பருந்து. மற்றது முறைத்துப் பார்க்கும், எதிராளி அடிக்க வந்தால் ஓடிவிடும், பெயர் புறா. வெறும் பட்டப்பெயர்கள்தான், 1973 கட்டுரையில் புறாவின் இடத்தில் எலி இருந்தது. சண்டைக்குக் காரணமான இடத்தின் பெறுமதி 4 குட்டி என்போம். காயம்பட்டால் நட்டம் 10 குட்டி. இரண்டு பருந்து மோதினால் பாதித் தடவை வெற்றி, பாதித் தடவை காயம்: சராசரி மைனஸ் 3. பருந்தும் புறாவும் சந்தித்தால் பருந்துக்கு 4, புறாவுக்குப் பூச்சியம். இரண்டு புறாக்கள் என்றால் ஆளுக்குச் சராசரி 2.

எல்லோரும் புறாவாக இருக்கும் இடத்தில் ஒரு பருந்து நுழைந்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் அதற்கு 4. கொள்ளை இலாபம், பருந்துகள் பெருகும். எல்லோரும் பருந்தாகிவிட்ட இடத்தில் ஒரு புறாவுக்குப் பூச்சியம் கிடைக்கிறது. அது கூட மைனஸ் 3ஐவிட மேல், ஆகவே புறாக்கள் பெருகும். எங்கே நிற்கும்? 100க்கு 40 பருந்து என்ற இடத்தில். அங்கே பருந்துக்கும் 1.2, புறாவுக்கும் 1.2, போட்டுப் பாருங்கள். பெறுமதியை நட்டத்தால் பிரித்தால் கிடைப்பதும் அதே 0.4. இந்த நிலையை எந்தப் புதிய வகையும் உள்ளே வந்து குலைக்க முடியாவிட்டால் அதைக் கூர்ப்பில் உறுதியான உபாயம் என்கிறோம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அந்த 1.2. எல்லோரும் புறாவாகவே இருந்திருந்தால் ஆளுக்கு 2 கிடைத்திருக்கும். ஆட்டம் நிலைத்து நிற்கும் இடத்தில் எல்லோருக்குமே அதைவிடக் குறைவு. இனத்துக்கு எது நல்லதோ அதை நோக்கிக் கூர்ப்பு போகும் என்ற நம்பிக்கை இந்த ஒரு எண்ணில் அடிபட்டுப் போகிறது. அதே நேரம், பாதிக்கு மேற்பட்டவர்கள் சண்டையைத் தவிர்ப்பதற்கு இனப்பற்று தேவைப்படவில்லை, காயத்தின் விலை போதுமானதாக இருக்கிறது. பரீட்சையில் யாராவது கேட்டால் இதை எழுதுங்கள்.

நிஜ மிருகங்கள் கண்ணை மூடிக்கொண்டு பருந்தாகவோ புறாவாகவோ இருப்பதில்லை. யார் முதலில் வந்தது, யார் பெரியது என்பதைப் பார்த்து நடந்துகொள்ளும். லயத்து நாய்களைக் கவனித்திருப்பீர்கள். மேல் லயத்து நாய் பீலிக்கரையைத் தாண்டிக் கீழே வந்தால் வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நடக்கும். கீழ் லயத்து நாய் பிடரி மயிரைச் சிலிர்த்து, காலை விறைத்து வைத்து இரண்டடி முன்னே வந்தாலே போதும், வந்தது திரும்பிவிடும். அதே இரண்டும் மேல் லய வாசலில் சந்தித்தால் காட்சி அப்படியே தலைகீழ். நேற்று ஓடியதுதான் இன்று விரட்டும். தன் தெருவில் நாயும் சிங்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

இதற்கும் கணக்கு உண்டு. "என் இடம் என்றால் பருந்து, பிறர் இடம் என்றால் புறா" என்ற மூன்றாவது உபாயத்தை, சொந்தக்காரன் என்போம், ஆட்டத்தில் சேருங்கள். சொந்தக்காரர்கள் தங்களுக்குள் சந்தித்தால் ஒருவர் எப்போதும் விலகுவார், காயமே இல்லை, சராசரி 2. அவர்களுக்குள் ஒரு பருந்து வந்தால் பாதித் தடவை சண்டை, பாதித் தடவை சும்மா கிடைக்கும் இடம்: அரைதான் மிஞ்சும். புறா வந்தால் 1. இரண்டும் 2ஐவிடக் குறைவு, ஆகவே உள்ளே காலூன்ற முடியாது. ஒடுங்கின தோட்ட ரோட்டில் இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்தால் இறங்குகிற வண்டி ஒதுங்கி ஏறுகிற வண்டிக்கு வழி விடுகிறதே, அதே மாதிரி. யார் பலசாலி என்று பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு வித்தியாசம் சண்டையை முடித்துவைக்கிறது.

ஒக்ஸ்ஃபோர்ட் பக்கத்துக் காடொன்றில் நிக் டேவிஸ் இதை வண்ணத்துப்பூச்சிகளில் பார்த்தார், 1978இல் எழுதினார். காட்டுத் தரையில் விழும் வெயில் திட்டுக்களில் ஆண் பூச்சிகள் காவல் இருக்கும், பெண் அங்கே வரும். வேறு ஆண் வந்தால் இரண்டும் சுழன்று சுழன்று மேலே பறக்கும், வந்தது போய்விடும், இருந்தது இறங்கும். ஒவ்வொரு முறையும் இருந்ததற்கே வெற்றி. பிறகு டேவிஸ் ஒரு குறும்பு செய்தார். இரண்டு பூச்சிகளையும் "இது என் இடம்" என்று நினைக்க வைத்தார். அந்தச் சண்டைகள் வழக்கத்தைவிட மிக நீளமாக இழுத்தன. அழகான பரிசோதனை, பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் விடவில்லை. வெயிலில் இருந்த பூச்சிக்கு உடல் சூடேறி இருப்பதால் நன்றாகப் பறக்க முடிகிறது, அதனால்தான் வெல்கிறது என்றார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த எதிர்ப்பு நியாயமானது. "முதலில் வந்தவனுக்கு விடு" என்ற வெறும் மரியாதை மட்டும் தனியாக வேலை செய்யும் உதாரணம் இயற்கையில் அபூர்வம். பெரும்பாலும் முதலில் வந்தவன் பலசாலியாகவும் இருப்பான், அல்லது அந்த இடம் அவனுக்கு அதிகம் பெறுமதி. லயத்து நாய்க்கும் அதுதான். தன் வாசலில் சோறு போடுகிற வீடு இருக்கிறது, கீழ் லயத்தில் அதற்கு என்ன இருக்கிறது?

பலத்தை அளந்து பார்ப்பதற்குச் செம்மான் நல்ல உதாரணம். ஸ்கொட்லாந்தின் ரம் தீவில் கிளட்டன்-புரொக்கும் அல்பனும் 1979இல் எழுதியது: இரண்டு ஆண்கள் முதலில் மாறி மாறிக் கர்ச்சிக்கும். அதில் தீராவிட்டால் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று அளக்கும். அதிலும் தீராவிட்டால்தான் கொம்பு மோதும். தொடர்ந்து வேகமாகக் கர்ச்சிக்க உடம்பில் தெம்பு வேண்டும், களைத்துப்போன ஆணால் ஏமாற்ற முடியாது. ஏமாற்ற முடிந்திருந்தால் எல்லோரும் ஏமாற்றியிருப்பார்கள், அப்புறம் கர்ச்சனையை யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் மாலையில் புல்வெளிக்கு வரும் மரைகளில் பெரிய கொம்புக்காரன் தலையைத் தூக்கினாலே சின்னது ஒதுங்குவதைப் பார்க்கும்போது பிரைஸின் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

பரிசு காயத்தைவிடப் பெரிதாகிவிட்டால் இந்த நாகரிகம் எல்லாம் போய்விடும். கணக்கே அதைத்தான் சொல்கிறது: பெறுமதி நட்டத்தை மிஞ்சினால் பருந்து மட்டும்தான் மிஞ்சும். நாய்கள் இணை தேடும் மார்கழியில் அதே லயத்து நாய்களின் காதுகளைப் பாருங்கள். இன்னும் பயங்கரம் அத்திப்பழத்துக்குள் நடக்கிறது. பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சொல்வோமே, அவற்றில் நிறைய சின்னஞ்சிறு குளவிகள். சில வகைகளில் ஆணுக்குச் சிறகு கிடையாது, பெரிய தாடை உண்டு. பழத்துக்குள்ளேயே பெண்கள், அங்கேயே இனச்சேர்க்கை, வெளியே போய் வேறு வாய்ப்பு தேட வழியில்லை. தோற்றால் எல்லாம் போச்சு என்பதால் ஒன்றையொன்று வெட்டிக் கொல்கின்றன. வில்லியம் ஹாமில்டன் பிரேசிலில் பழங்களைப் பிளந்து பார்த்து 1979இல் எழுதியது இது.

ஹாமில்டன் பெயர் வந்ததால் சண்டையை விட்டு இன்னொரு ஆட்டத்துக்குப் போகிறேன். தேயிலைக்காரர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. வீட்டில் மாடு வளர்க்கிறவர்கள் கிடாரிக் கன்றுதான் வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள், ஆனால் காளைக்கன்றும் கிடாரியும் ஏறக்குறைய பாதிப் பாதியாகத்தான் பிறக்கும். ஒரு காளை போதுமே, பத்துக் காளை எதற்கு? ரொனால்ட் ஃபிஷர் 1930இல் கொடுத்த பதில் ஆட்டக் கோட்பாட்டுக்கு முன்னோடி. கிடாரிகள் அதிகமாகிவிட்டால் ஒவ்வொரு காளைக்கும் சராசரியாகப் பல துணைகள். அப்போது காளை பெறும் தாய்க்குப் பேரப்பிள்ளைகள் அதிகம், காளை பெறும் குணம் பெருகும். காளைகள் அதிகமானால் மறுபக்கம். பாதிக்குப் பாதியில்தான் தராசு நிற்கும். இனத்துக்கு எத்தனை காளை போதும் என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை.

இந்த விதி எங்கே உடையும் என்று கேட்டார் ஹாமில்டன், 1967இல். ஆண்கள் எல்லோரும் ஊர் முழுக்கப் போட்டியிட்டால்தான் ஃபிஷரின் கணக்கு சரி. ஒரே தாயின் மகன்கள் தங்களுக்குள்ளேயே, அதுவும் சொந்தச் சகோதரிகளுக்காகப் போட்டியிட்டால்? மகன்கள் அதிகம் இருப்பது வீண் செலவு. நம்ம தோட்டங்களில் தண்டு துளைக்கும் வண்டு இருக்கிறதே, நடுமட்டத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும்போது கை பட்டால் கிளை சடக்கென்று முறியுமே, அதேதான். கவாத்து நேரத்தில் முறிந்த கிளையைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளியே குண்டூசித் தலை அளவு துளை, உள்ளே ஒரு சுரங்கம், சுவரில் பூஞ்சணம். தாய் வண்டு அந்தப் பூஞ்சணத்தைத் தன்னோடு கொண்டுவந்து அங்கே விதைக்கிறது, குஞ்சுகள் மரத்தைத் தின்பதில்லை, அதைத்தான் தின்கின்றன. பொறிப்பவற்றில் பெரும்பாலானவை பெண். ஆண்கள் சில மட்டும், உருவத்தில் சிறியவை, பறக்க முடியாதவை. அவை சுரங்கத்துக்குள்ளேயே சகோதரிகளோடு சேரும், கருவுற்ற பெண்கள் வெளியே பறந்து புதுக் கிளை தேடும். கருக்கட்டாத முட்டை ஆணாகும், கருக்கட்டியது பெண்ணாகும் என்பதால் விகிதம் தாயின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு தாய்கள் முட்டையிட்டால் ஆண்கள் கால்வாசி வரை கூடும், பத்துத் தாய்கள் என்றால் கிட்டத்தட்டப் பாதி என்பது ஹாமில்டனின் எளிய சூத்திரம். ஒட்டுண்ணிக் குளவிகளில் இதைச் சோதித்துப் பார்த்தபோது எண்கள் ஆச்சரியமாகப் பொருந்தின. உயிரியலில் சூத்திரம் இவ்வளவு தூரம் பலிக்கும் இடங்கள் அதிகமில்லை. மந்தி, மரை எல்லாவற்றையும்விட இந்த வண்டைத்தான் நான் முதல் உதாரணமாகச் சொல்வேன். தாய் தேவைக்கு மேல் ஆண்களைப் பெற்று வீணடிக்காததும் இந்தப் பூச்சி வேகமாகப் பெருக உதவுகிறது என்பது தோட்டத்துக்கு வந்த கஷ்டம்.

பழிக்குப் பழி, உதவிக்கு உதவி என்ற உபாயத்தைப் பற்றியும் வாசித்திருப்பீர்கள். அரசியல் விஞ்ஞானி ரொபர்ட் அக்செல்ரொட் உபாயங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நடத்திய கணினிப் போட்டியில் அனடோல் ரப்பபோர்ட் அனுப்பிய அந்தச் சின்ன நிரல் வென்றது, அக்செல்ரொட்டும் ஹாமில்டனும் 1981இல் அதைக் கூர்ப்போடு இணைத்து எழுதினார்கள். கொஸ்தாரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் பட்டினி கிடந்த கூட்டாளிக்கு இரத்தத்தைக் கக்கிக் கொடுப்பதை வில்கின்சன் 1984இல் காட்டினார். அதைத் தாண்டி உறுதியான உதாரணங்கள் குறைவு. இந்தப் பகுதி கதையாகச் சொல்ல நன்றாக இருப்பதால் தகுதிக்கு மேல் புகழ் பெற்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

புரொஜெக்டுக்கு ஓணானைப் பரிந்துரைக்கிறேன். நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் வேலிப் புதர்களில் கன்னம் கறுத்த பச்சை ஓணான் ஒன்று உண்டு, இலங்கையின் உயர்மலையில் மட்டும் வாழ்வது. ஹட்டன் பக்கம் அது கிடைக்காவிட்டால் சாதாரண ஓணானும் போதும். வெயில் ஏறிய பிறகு போங்கள், மூட்டத்தில் அவை அசையாது. ஒரு வேலியைத் தெரிவு செய்து எந்தப் புதரில் எந்த ஆண் வழக்கமாக இருக்கிறது என்று முதலில் வரைபடம் போடுங்கள். பிறகு இரண்டு ஆண்கள் சந்திக்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் குறியுங்கள்: யார் இடம், யார் உருவத்தில் பெரியது, தலையாட்டலோடு முடிந்ததா கடி வரை போனதா, எவ்வளவு நேரம் பிடித்தது. சின்னச் சொந்தக்காரன் பெரிய அந்நியனை விரட்டுகிறதா என்பதுதான் நீங்கள் தேடும் வரி. அந்த வரியில் போதுமான சந்திப்புகள் சேர்ந்தால் இடத்துக்கு மரியாதையா, பலத்துக்கு மரியாதையா என்று பிரித்துச் சொல்லலாம். டேவிஸ் செய்ததுபோலப் பிடித்து இடம் மாற்றிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். அந்த ஓணான் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, பிடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தூரத்தில் நின்று கொப்பியும் பென்சிலும் கையில் இருந்தால் போதும்.